வேதா மாமி தொட்ட சிவப்பு நூல்

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. வேதா மாமியின் மகள் வைதேகி அமெரிக்காவிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அம்சாக்கா, அம்மா போயிட்டா. நேத்து கார்த்தால. தூக்கத்துலயே. நான் வர வரைக்கும் ஐஸ் பெட்டியிலதான் வெச்சிருக்கா." பின்னால் யாரோ விமான டிக்கெட்டைப் பற்றி இங்கிலீஷில் பேசுவது கேட்டது. நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன் என்பது மட்டும் நிஜம்.

நாலு நாள் கழித்து இன்னொரு செய்தி. "பதிமூணாம் நாளுக்குச் சின்னதா ஒரு புத்தகம் போடறோம். லேஸ் ரூம்ல வேலை பண்ணினவா எல்லாருக்கும் அனுப்பணும். நீங்கதான் கதையெல்லாம் எழுதறேளே, அம்மாவைப் பத்தி நல்லதா ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ." அந்த 'நல்லதா'வை வைத்துக்கொண்டு மூன்று நாள் திண்டாடினேன். கடைசியில் இருப்பதை இருக்கிறபடி எழுதுவதென்று உட்கார்ந்துவிட்டேன். போடுவதும் போடாததும் வைதேகியின் இஷ்டம். அவள் போடாவிட்டால், அந்த அறையில் என்னோடு லேஸ் பின்னும் திண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நானே நகல் எடுத்து அனுப்புவேன். ஏனென்றால் இது உங்களுக்குச் சேர வேண்டியது.

வைதேகியின் வயதுக்காரர்களுக்காக அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், இனி எதையும் வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் முதலாளி திருச்சானூரில் ஒரு லாட்ஜின் மாடியை வாடகைக்கு எடுத்தார். கன்னியாகுமரிப் பக்கமிருந்து ஒரு டீச்சரம்மாவை ஆறு மாதத்துக்கு வரவழைத்து எங்களுக்கு லேஸ் கற்றுக்கொடுக்க வைத்தார். உருண்டைத் திண்டின் மேல் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, துளைகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக் கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டு, முறுக்கி, பூவும் இலையுமாகப் பின்னுகிற வேலை. டீச்சரம்மா ஊரில் எல்லாம் வெள்ளை நூல். எங்கள் முதலாளிக்குக் கிடைத்த வெளிநாட்டுக்காரர்களோ வண்ணம் கேட்டார்கள். அதையும் பட்டில் கேட்டார்கள். வண்ணப் பட்டைத் தேர்ந்தெடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் வேதா மாமி வந்தார்.

திருப்பதியில் ஒரு புடவைக் கடையில்தான் முதலாளி அவரைக் கண்டுபிடித்தாராம். கடைக்காரர் இரண்டு பச்சையும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்துகொண்டிருக்க, மாமி இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்து, "இது வெத்தலை, இது வேப்பிலை. இது ரெண்டும் ஒண்ணுன்னா நானும் நீயும் ஒண்ணு" என்றாராம். மலையில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். பெருமாளுக்குச் சாத்திய பட்டுகளை மடித்து வைத்துப் பழகிய கை. வைதேகியைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காக வீட்டில் சண்டை போட்டு வேலைக்கு வந்தவர். எனக்கும் அவருக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். நான் 'நீங்க' என்றேன், அவர் 'வாடி' என்றார். இரண்டு பேருக்குமே அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

மாமிக்கு லேஸ் பின்ன வராது. பத்துக் கட்டைக்கு மேல் போனால் கை தடுமாறும். ஆனால் நூல் எடுக்க உட்கார்ந்தால் அவருக்கு நிகர் யாரும் இல்லை என்பதை நான் எங்கேயும் சொல்வேன். புடவையில் குறுக்கே போகும் ஊடை நூல் தளர்ந்த முறுக்கு, குண்டூசியில் உரசிப் பிசிறு கிளம்பும் என்று கையில் வாங்கிய உடனே ஒதுக்குவார். நல்ல முறுக்குள்ள நூலைக் காதோரம் வைத்து இழுத்து, அந்தச் சரசர சத்தம் வந்தால்தான் தலையாட்டுவார். காலை பத்து மணி வெயிலில் வாசற்படியில் நின்றுதான் நிறம் பார்ப்பார். "டியூப்லைட்டை நம்பி நூல் எடுக்காதே. அது எல்லாரையும் அழகாக் காட்டும்" என்பார். லேஸில் சில நூல்கள் நேராக இறங்கி நிற்கும், ஒரு நூல் மட்டும் அவை எல்லாவற்றுக்கும் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அவர் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். "நிக்கற நூல் என்ன கலரா வேணா இருக்கட்டும். ஓடற நூலைப் பாத்து எடு. அதுதான் எல்லார் ஆத்துக்கும் போயிட்டு வரும்." சொன்னவர் எங்கள் தெருவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அது வேறு விஷயம்.

ஒருமுறை பட்டு வாங்க இரண்டு பேரும் ஆரணிக்குப் போனோம். சாயக்காரர் பட்டு நூல் கட்டுகளைச் சிட்டம் சிட்டமாக அள்ளிப் போட, மாமி மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஏழே ஏழு எடுத்தார். அதில் ஒரு மயில்கழுத்து நீலம். அதை எடுத்ததும் என் கையில் போட்டு, "பாருடி, பாத்துக்கோ. இப்படி ஒண்ணு இனி அமையாது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு நிறத்துக்காகக் கண் கலங்கிய மனுஷியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. திரும்பும்போது சித்தூர் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டோம். தன் தயிர்சாதத்தில் பாதியை இலையில் வைத்து எனக்குக் கொடுத்தார். கையில் கொடுக்கவில்லை, பெஞ்சில் வைத்துத் தள்ளினார். நான் என் புட்டியை நீட்டி, "தண்ணி குடிங்க மாமி, வெயிலு இன்னா இப்டி அடிக்குது" என்றேன். "வேண்டாம்டி, ஆத்துக்குப் போய்க் குடிச்சுக்கறேன்" என்றார். வீடு இன்னும் இரண்டு மணி நேரம். அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

அந்த நீலப் பட்டு மட்டும் என் கையிலிருந்து அவர் கைக்குத் தடையில்லாமல் போய் வந்தது. காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். "பட்டுக்குத் தீட்டு கிடையாதுடி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பட்டை யார் தொட்டாலும் வாங்கிக்கொள்வார். பருத்தி என்றால் அப்படியில்லை. நாங்கள் தொட்ட பருத்தித் துணியோ நூலோ மேசைமேல் வைக்கப்பட வேண்டும். பக்கத்தில் இருக்கும் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் எடுப்பார். முகத்தில் ஒரு கடுமையும் இருக்காது. நாம் பேனாவை மூடி வைக்கிற மாதிரி, கை தானாகப் போய்த் தெளித்துவிட்டு வரும். "நான் பட்டுப் பூச்சியா பொறந்திருக்கலாம் போல" என்று ஒருமுறை பக்கத்துத் திண்டில் இருந்த காந்தாவிடம் சொன்னேன். அறையே சிரித்தது. மாமியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

பிறகு அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டுகிற ஆறு லேஸ் படங்கள். வெண்ணெய் நிறப் பட்டில் தாமரைக் குளம், அந்த மயில்கழுத்து நீலத்தில் தண்ணீர், ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் ஒரு தடித்த சிவப்பு நூல். அந்தத் தடிமனில் பட்டு கிடைக்கவில்லை. விளிம்புக்குப் பருத்தி போதும் என்று கேட்டவர்களே சொல்லிவிட்டார்கள். கடையிலிருந்து வந்த மாதிரித் துண்டுகளை நான் வாசலில் பிடிக்க, மாமி தொடாமல் தள்ளி நின்று, "அந்த மூணாவது" என்றார். நான் போய் வாங்கி வந்தேன். பட்டு நூலென்றால் ஒரு நுனியை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்ப்பது அவர் வேலை. இது பருத்தி என்பதால் அதை என்னைச் செய்யச் சொன்னார். செய்தேன். துணியில் ரோஸ் கறை.

"மாமி, சாயம் ஓடுது. இதும்மேல தண்ணி படவே கூடாது" என்று சொன்னேன்.

"கண்ணாடி போட்டு மாட்டப் போறா. தண்ணி எங்கேர்ந்துடி படப் போறது? கலர் நன்னா அமைஞ்சிருக்கு, விடு" என்றார்.

அன்று சாயங்காலம் ஆறு படங்களுக்கும் உரிய நூலை மூங்கில் தட்டில் அடுக்கினார். சிவப்புச் சிட்டங்களை நான் மேசைமேல் வைத்தேன். அவர் கை செம்புக்குப் போனது. ஒரு கை அள்ளித் தெளித்தார். பிறகு எடுத்துத் தட்டில் போட்டு, அதன் மேல் வெண்ணெய் நிறப் பட்டை அடுக்கி, துணி போட்டு மூடினார். மறுநாள் காலை எப்போதும்போல் தட்டை வாசலுக்கு எடுத்துப்போய்க் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கட்டைகளில் சுற்றக் கொடுப்பார். ஆனால் மறுநாள் அவர் வரவில்லை. மலையில் பிரம்மோற்சவம். வீட்டில் கூப்பிட்டார்கள் என்று விடியும் முன்னே மேலே போய்விட்டார், பத்து நாளுக்கு. நானும் இல்லை. புத்தூரில் முதலாளி இரண்டாவது அறை திறக்கப்போகிறார், அதற்கு என்னைப் பொறுப்பாக வைக்கப்போகிறார் என்று பேச்சு. அதற்காகக் காலை பஸ்ஸில் புத்தூர் போய் அங்கேயே தங்கிவிட்டேன். தட்டைத் திறந்து டியூப்லைட் வெளிச்சத்தில் நூல் சுற்றியவர்கள் நீங்கள். வெண்ணெய் நிறத்தில் அங்கங்கே இருந்த லேசான ரோஸ் உங்கள் கண்ணில் படாததில் ஆச்சரியமில்லை. டியூப்லைட் எல்லாரையும் அழகாகக் காட்டும்.

நாற்பது நாள் ஆறு பேர் பின்னினீர்கள். தூசு படாமல் பின்னிய பாகத்தைத் துணியால் மூடி மூடி வேலை செய்தீர்கள்; பத்து நாள் கழித்துத் திரும்பிய மாமியும் துணிக்குள் இருந்ததை வெயிலில் பார்க்கவில்லை. முதல் படத்தைக் கழற்றி வாசலுக்கு எடுத்து வந்த அன்று என்னைப் புத்தூரிலிருந்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நான் வந்தபோது படம் மேசைமேல் கிடந்தது. தாமரை முழுக்க, பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்த மாதிரி திட்டுத் திட்டாக ரோஸ். மாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை, செம்பையும் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தார். என்ன நடந்திருக்கும் என்று அறையிலேயே முதலில் புரிந்துகொண்டவர் அவராகத்தான் இருக்கும். அவர் கண் அப்படிப்பட்டது.

முதலாளி சிவப்புச் சிட்டத்தைத் தூக்கிக் காட்டி, "இதி எவரு தெச்சாரு?" என்றார். இதை யார் வாங்கி வந்தது என்பதுதான் கேள்வி.

மாமி சொன்னார்: "அம்சா வாங்கிண்டு வந்தா."

பொய் இல்லை. ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. "சாயம் ஓடும்னு மாமிகிட்ட சொன்னேனே" என்றேன். முதலாளி மாமியைப் பார்த்தார். மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவுதான். தண்ணீர் தெளித்ததை நான் அப்போது சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன். மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை. புத்தூர் அறைக்கு வேறு ஆள் போனார். உங்களில் நாலு பேர் தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நாற்பது நாள் உழைப்பு போன கோபம், நியாயந்தான். மட்டமான நூலை வாங்கி ஊரைக் கெடுத்தவள் என்ற பெயரோடு திருச்சானூரில் மூன்று வருஷம் இருந்தேன். பிறகு கணவரோடு சத்தியவேட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்பினேன். பல வருஷம் வயல் வேலை. அப்புறம் ஸ்ரீ சிட்டி வந்தது. இப்போது அங்கே கார்களுக்கான ஒயர்களை நிறம் பார்த்துப் பிரிக்கிறேன். தப்பில்லாமல் பிரிக்கிறேன் என்று சூப்பர்வைசர் பையன் பாராட்டுகிறான். யாரிடம் பழகியது என்று அவன் கேட்டதில்லை.

மாமியைக் கடைசியாகப் பார்த்தது போன வருஷம். பத்மாவதித் தாயாரைச் சேவித்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது காந்தாவைப் பார்த்தேன். "மாமிக்குக் கண்ணு ரொம்ப மங்கிப் போச்சி. உன்னயத்தான் கேட்டுக்கினே கீது. ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றாள். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். திருப்பதியில் மூன்றாவது மாடி வீடு. வைதேகி வாங்கிக் கொடுத்தது. மாமியைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர், எங்கள் ஆள். அவள்தான் சமைத்தாள், தலை வாரினாள். அவள் கொண்டுவந்த தம்ளரை மாமி கையில் வாங்கி, மடக்கு மடக்கென்று குடித்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்ததை உணர்ந்திருக்க வேண்டும். "மடி ஆசாரமெல்லாம் அந்தக் காலம்டி. இப்ப யார் பாக்கறா? வைதேகி அங்கே யார் யார் ஆத்துலயோ சாப்பிடறா" என்று சிரித்தார்.

என் வேலையையும் பெயரையும் தின்ற ஒரு வழக்கம், ஆள் தேவைப்பட்டவுடன் பழைய துணி மாதிரி கழன்று விழுந்துவிட்டது. இவ்வளவு லேசாக விடக்கூடிய ஒன்றுக்காகவா நான் வேலையைவிட்டுப் போனேன்? அதையே கடைசிவரை கட்டிக்கொண்டு அழுதிருந்தால்கூட எனக்கு ஏதோ ஒரு சமாதானம் இருந்திருக்கும். எழுந்தேன். "வரேன் மாமி" என்றேன்.

"உக்காரு" என்றார். "அன்னிக்கு முதலாளி யார் வாங்கினதுன்னு கேட்டார். யார் நனைச்சதுன்னு கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிண்டிருக்கேன். சொல்லியிருக்க மாட்டேன். வைதேகிக்கு அந்த வருஷந்தான் காலேஜ்."

அவர் மங்கிய கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் தெளிக்கறச்சே நீ எதிர்லதானேடி நின்னே. சாயம் ஓடும்னு உனக்குத் தெரியும். ஏன் என் கையைத் தடுக்கலை?"

வேலைக்காரப் பெண் கதவோரம் நின்று எங்களையே பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை. இடைப்பட்ட மாதங்களில் இரண்டு முறை திருப்பதிக்குப் போயும் அந்தத் தெருப் பக்கம் திரும்பவில்லை. பிறகு வந்தது, பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்ற செய்திதான்.

மாமி, உங்கள் கேள்விக்குப் பதில் என்னிடம் அன்றும் இருந்தது. உங்கள் கை செம்புக்குப் போனதைப் பார்த்தேன். தண்ணீர் சிவப்பில் விழுந்ததையும் பார்த்தேன். 'மாமி, வேணாம்' என்று இரண்டு வார்த்தை தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை. தெளிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். காலையில் வாசலில் தட்டைத் திறப்பீர்கள், கறைபட்ட நூலைப் பார்ப்பீர்கள், உங்கள் தண்ணீர் என்ன செய்தது என்று எல்லோர் முன்னாலும் தெரியும். ஒரே ஒரு நாள் நீங்கள் தலைகுனிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நூல் மட்டும் கெடும் என்று கணக்குப் போட்டேன். பிரம்மோற்சவம் என் கணக்கில் இல்லை. முதலாளி முன்னால் வாயைத் திறக்காததும் அதனால்தான். தெளித்ததைப் பார்த்தேன் என்றால், பார்த்துவிட்டு ஏன் சும்மா இருந்தாய் என்ற அடுத்த கேள்வி வந்திருக்கும். நீங்கள் கேட்ட அதே கேள்வி.

காந்தா, மற்ற ஐந்து பேரே, உங்கள் நாற்பது நாளை மாமி மட்டும் கெடுக்கவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பாதிக்கப்பட்டவளாக உங்கள் முன் நின்றேன். பாதிக்கப்பட்டது நிஜம். மற்றதையும் சொல்லாமல் நின்றேன் என்பதும் நிஜம். மாமி செய்ததை இதனால் நான் மன்னித்துவிடவில்லை. என்னையும் யாரும் அவசரப்பட்டு மன்னிக்க வேண்டாம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை கொஞ்சம். எந்த நிறத்தையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிற பழக்கம். ஆரணியில் என் கையில் போட்ட அந்த நீலத்தின் நினைவு, அது இன்னும் மங்கவில்லை. பிறகு, வேலையைவிட்டு இறங்கிய அன்று மேசையிலிருந்து நான் எடுத்து வந்த ஒரு முழ வெண்ணெய் நிறப் பட்டு, நடுவில் ரோஸ் கறையோடு. நேற்று அதைப் பத்து மணி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கறைக்கு நூல் வாங்கியவள் நான். தண்ணீர் தெளித்தவர் மாமி. பார்த்துக்கொண்டு நின்றவளும் நான்.